பாட்டியின் பாட்டைப் பதிந்து வையுங்கள்!

பாட்டுக் கேட்காத வீடு உண்டா? கிடையாது.

கைபேசியைத் தொட்டால் போதும். ஆயிரம் பாட்டு வந்து கொட்டுகிறது. குரலில் பிசிறு இல்லை. தாளம் பிசகுவதில்லை. எல்லாம் வழவழப்பாக இருக்கிறது.

ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? பழைய இசைத்தட்டுப் பாட்டு ஒன்று எங்கிருந்தோ கேட்டால், வேலையாக இருப்பவர்களும் நின்று காது கொடுக்கிறார்கள். ஊசி உராயும் "கர கர" சத்தம். அதற்கு நடுவே ஒரு குரல். பாடியவர் மறைந்து எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனாலும் அடுத்த அறையில் உட்கார்ந்து பாடுவது போல இருக்கிறது.

இது என்ன மாயம்? பழசு என்பதால் வரும் பாசம்தானா? அப்படியானால், கிராமபோன் பெட்டியையே பார்த்திராத பிள்ளைகள் ஏன் கேட்கிறார்கள்?

காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டில் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் தெரியவரும். அந்த வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போட முடியாது.

தட்டு பிறந்த கதை

பேசிய பேச்சைப் பிடித்து வைத்து, மறுபடியும் பேச வைக்கும் எந்திரத்தை அமெரிக்காவில் எடிசன் 1877-ல் செய்து காட்டினார். அது உருளை வடிவில் சுழன்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 1887-ல், பெர்லினர் என்பவர் வட்டத் தட்டில் ஒலியைப் பதியும் முறையைக் கண்டுபிடித்தார்.

1902-ல் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஆட்கள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். அங்கே கௌஹர் ஜான் என்ற புகழ் பெற்ற பாடகி அவர்களுக்காகப் பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஏன் தெரியுமா? தட்டு அச்சாவது ஜெர்மனியில். பாடியவர் யார் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே!

அந்தக் காலத்துத் தட்டு அரக்கினால் ஆனது. மரத்தில் பூச்சிகள் சுரக்கும் அரக்கோடு கல் பொடி முதலியவை சேர்த்துச் செய்தார்கள். கை தவறினால் உடைந்துவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பாட்டு.

1925-க்கு முன்னால் ஒலிப்பதிவுக்கு மைக் கிடையாது. பெரிய கூம்பு ஒன்றின் வாய்க்கு எதிரே நின்று தொண்டை திறந்து பாட வேண்டும். தப்பு வந்தால் வெட்டி ஒட்ட முடியாது. முதலிலிருந்து மறுபடியும் பாட வேண்டியதுதான்.

ஆகவே அந்தத் தட்டில் இருப்பது, ஒருவர் ஓரிடத்தில் நின்று ஒரே மூச்சாகப் பாடியது. மூச்சு வாங்கும் ஓசை, சிறு தடுமாற்றம், குரலின் கரகரப்பு எல்லாம் உள்ளே இருக்கின்றன. கவர்ச்சிக்கு முதல் காரணம் இதுதான். பாட்டுக்குள் ஆள் இருக்கிறார்!

கிட்டப்பாவின் குரல்

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-ல் பிறந்தவர். நாடக மேடையில் அவர் குரல் எடுத்தால், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கணீர் என்று கேட்கும் என்பார்கள். அவரும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த நாடகங்களுக்கு ஊர் திரண்டு போகும்.

1933-ல் கிட்டப்பா காலமானார். வயது 27 தான்.

தமிழில் பேசும் படம் 1931-லேயே வந்துவிட்டது. ஆனால் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. இன்று அவர் குரல் நமக்குக் கிடைக்கிறது என்றால், இசைத்தட்டுகளால்தான் கிடைக்கிறது. உடைந்து போகும் அரக்குத் தட்டு, உடையாமல் காப்பாற்றிக் கொடுத்தது அந்தக் குரலை.

தட்டுகளைக் காப்பாற்றியவர்களையும் சொல்ல வேண்டும். காலம் மாறியதும், பழைய தட்டுகளை வேண்டாத சாமான் என்று பல வீடுகளில் கழித்துக் கட்டினார்கள். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் அவற்றை ஆயிரக்கணக்கில் தேடிச் சேர்த்தார்கள். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் நம் காதுக்கு எத்தனையோ குரல்கள் எட்டியிருக்காது.

ஏட்டில் சொல் உண்டு, மெட்டு?

நாடகக்காரர்களும் சங்கீத வித்வான்களும் தட்டில் ஏறினார்கள். வயலில் நாற்று நட்டவள்? ஏற்றம் இறைத்தவர்? தொட்டில் ஆட்டிய தாய்? அவர்களைத் தேடிக் கம்பெனி வண்டி வந்தது குறைவு.

அவர்கள் பாட்டை நல்லவர்கள் சிலர் ஏட்டில் எழுதி வைத்தார்கள். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி சேர்த்த நாடோடிப் பாடல்களை கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்தார். "மலை அருவி" என்ற பெயரில் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958-ல் அதை வெளியிட்டது. பேராசிரியர் நா. வானமாமலையின் "தமிழர் நாட்டுப் பாடல்கள்" 1964-ல் வந்தது. இரண்டும் பொக்கிஷங்கள்.

ஆனால் புத்தகத்தைத் திறந்தால் சொல்தான் இருக்கிறது. மெட்டு எங்கே? எந்த இடத்தில் குரல் இழைந்தது? எந்த இடத்தில் விம்மியது? காகிதம் அதைச் சொல்லாது.

ஏற்றப் பாட்டைப் பாருங்கள். எத்தனை சால் தண்ணீர் இறைத்தோம் என்று எண்ணிக்கொண்டே பாடுவது அது. ஏற்றம் ஏறி இறங்கும் கணக்குத்தான் அதன் தாளம். பம்ப் செட் வந்தது. ஏற்றம் போனது. இறைத்தவரின் முதுகு வலியும் போனது. அது நல்லதுதான். ஆனால் கூடவே பாட்டும் போய்விட்டது. வேலை போனால், அந்த வேலையின் பாட்டு தானாக நிற்காது. நாம்தான் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க மலைநாட்டில்

இப்படி நிறுத்திக்கொண்டவர்கள் உண்டா? உண்டு. அமெரிக்காவில் உண்டு.

அங்கே அப்பலாச்சியன் என்ற மலைத்தொடர் இருக்கிறது. அங்குள்ள ஏழைக் குடியானவர்களும் சுரங்கத் தொழிலாளிகளும் பிடிலும் பாஞ்சோவும் வாசித்துத் தங்கள் பாட்டைப் பாடி வந்தார்கள். பட்டணத்துக்காரர்கள் அதைப் பட்டிக்காட்டுப் பாட்டு என்று சிரித்தார்கள்.

1927-ல் ரால்ப் பியர் என்பவர் பிரிஸ்டல் என்ற சிற்றூருக்கு வந்தார். விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக, ஒரு தொப்பிக் கம்பெனியின் கட்டடத்தில் ஒலிப்பதிவு எந்திரத்தை வைத்தார். ஜூலை கடைசியில் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் 76 பதிவுகள் முடிந்தன. அவர் வந்தது வியாபாரத்துக்குத்தான். ஆனால் ஒரு மலைநாட்டின் குரலே தட்டில் ஏறிவிட்டது.

அப்போது பாடியவர்களில் கார்ட்டர் குடும்பம் ஒன்று. கணவர், மனைவி, மைத்துனி என்று மூன்று பேர். பிற்பாடு அந்தக் கார்ட்டர் பாட்டுத் தேடி ஊர் ஊராகப் போனார். கூடவே லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர் போனார். கார்ட்டர் சொல்லை எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் மனத்தில் வாங்கிக்கொள்வார். அவர் காதுதான் ஒலிப்பதிவு எந்திரம்! கார்ட்டர் குடும்பத்தின் பெயர் நாடெங்கும் பரவியது. ரிடிலின் பெயரோ வெகு காலம் வெளியே தெரியவில்லை.

பிறகு கென்டகி மாநிலத்தைச் சேர்ந்த பில் மன்றோ என்பவர் 1930-களின் கடைசியில் ஒரு குழு அமைத்தார். மாண்டலினைக் கையில் எடுத்தார். நம் ஊரில் யு. சீனிவாஸ் கர்நாடக இசை வாசித்தாரே, அந்த இனத்து வாத்தியம்தான். பழைய மலைப்பாட்டுக்கு அவர் வேகம் கொடுத்தார். குழுவின் பெயரை ஒட்டி அந்த இசைக்குப் "புளூகிராஸ்" என்று பெயர் வந்தது.

1952-ல் ஹாரி ஸ்மித் என்பவர் தாம் சேர்த்து வைத்திருந்த பழைய தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்து தொகுதியாக வெளியிட்டார். பட்டணத்து இளைஞர்கள் அதைக் கேட்டுப் பாடக் கற்றார்கள். கழித்துக் கட்டிய தட்டு பள்ளிக்கூடம் ஆகிவிட்டது!

இன்னொரு சேதி. பாஞ்சோ வெள்ளையரின் வாத்தியம் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட மக்கள் தந்தது. நம் பறைக்கும் அப்படி ஒரு கதை உண்டு. சாவுக்கு அடிக்கும் மேளம் என்று அதை ஒதுக்கினார்கள். அடித்தவரையும் ஒதுக்கினார்கள். 2025-ல் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒதுக்கியது எத்தனை பெரிய தப்பு என்பது இப்போதாவது உறைக்க வேண்டாமா?

நம் வட்டாரத்தில்

வேப்பூர் பக்கம் வாருங்கள். சென்னை–திருச்சி சாலையில் பேருந்து நின்று போகும் ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் பெற்ற ஊர். இங்கே பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததா? நடவுக்குப் பாட்டு. தாலாட்டுக்குப் பாட்டு. திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் விடிய விடியக் கூத்து. சாவு விழுந்தால் ஒப்பாரி.

இன்று நடவு இயந்திரம் வந்துவிட்டது. குழந்தை தூங்கக் கைபேசி பாடுகிறது. பாட்டு தெரிந்தவர்கள் எழுபது, எண்பது வயதுக் கிழவிகள். ஒருத்தி கண்ணை மூடினால் ஐம்பது பாட்டு கண்ணை மூடுகிறது.

பதிந்து வைத்தால் என்ன கிடைக்கும்? சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயியைப் பாருங்கள். வானொலியில் பாடினார். 1985-ல் "ஆண்பாவம்" படத்தில் நடித்துப் பாடினார். 2025-ல் காலமானார். குரல் இருக்கிறது. மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் கிராமம் கிராமமாகப் பாட்டுச் சேர்த்து மேடையிலும் கேசட்டிலும் பாடினார்கள். அந்த அம்மையாருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எல்லாப் பாட்டியையும் தேடி வானொலிக்காரர் வர முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. ஒலிப்பதிவு எந்திரம் நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது!

"அமங்கலம் அல்லவா?"

சிலர் கேட்பார்கள்: "நாட்டுப் பாட்டு வாய்க்கு வாய் மாறுவது. அதை ஒரே வடிவத்தில் அடைத்து வைத்தால் செத்துவிடாதா?"

பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறார்கள். பச்சை மண் கையில் இருக்கும் வரை எந்த வடிவமும் எடுக்கும். சூளையில் 1,000 டிகிரிக்கு மேல் வெந்துவிட்டால் வடிவம் மாறாது. அதனால் தொழிலாளி மண் பிசைவதை விட்டுவிட்டாரா? மறுநாளும் பிசைகிறார். பதிந்த பாட்டு சுட்ட பொம்மை. அதைக் கேட்டுப் பேத்தி பாடுவது பச்சை மண். இரண்டும் வேண்டும்.

இன்னும் சிலர், "ஒப்பாரியை வீட்டில் பாடுவது அமங்கலம்" என்பார்கள். அந்த மனதை மதிக்க வேண்டும். வற்புறுத்தக் கூடாது. தாலாட்டில் தொடங்குங்கள். நடவுப் பாட்டுக்குப் போங்கள். மனம் வந்தால் பாட்டியே மற்றதைப் பாடுவாள். ஒப்பாரியும் அன்பில் பிறந்த பாட்டுத்தானே?

எப்படிச் செய்வது?

சுலபம். மின்விசிறியை நிறுத்துங்கள். தொலைக்காட்சியை அணையுங்கள். பாட்டியின் பக்கத்தில் கைபேசியை வையுங்கள். பாட விடுங்கள். இருமினால் இருமட்டும். சொல் மறந்தால் யோசிக்கட்டும். நடுவே ஊர்க்கதை சொன்னால் அதையும் சேர்த்துப் பதியுங்கள். பின்னால் மேளதாளம் சேர்த்து மெருகு போட வேண்டாம்.

முடிந்ததும் கௌஹர் ஜான் செய்ததைப் பாட்டியும் செய்யட்டும். தன் பெயர், ஊர், யாரிடம் கற்ற பாட்டு, எப்போது பாடுவது என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். ரிடிலின் பெயர் மறைந்து கிடந்ததைப் போல அவள் பெயரும் மறையக் கூடாது.

இரண்டு மூன்று இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். அவள் சம்மதம் இல்லாமல் ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். பாட்டு அவளுடையது.

பழைய மலைப்பாட்டுத் தட்டு அமெரிக்கப் பிள்ளைகளை இழுக்கிறது. கிட்டப்பாவின் தட்டு நம்மை இழுக்கிறது. அவற்றில் ஆள் இருக்கிறார், ஊர் இருக்கிறது, அவர்கள் செய்த வேலை இருக்கிறது. நம் பேரப் பிள்ளைகளுக்கு நம் ஊர்க் குரல் ஒன்று வேண்டாமா?

பாட்டி வீட்டில்தான் இருப்பாள். போய்க் கேளுங்கள்.