ஹெட்லைட் போட்டால் டீசல் ஏறும் வண்டி

போன மாதம் ஒரு ராத்திரி. விழுப்புரத்தில் மளிகைக் கடைகளுக்கு உப்பு மூட்டை இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திண்டிவனம் திரும்பிக்கொண்டிருந்தோம். மாமா ஓட்ட, பக்கத்து சீட்டில் நான். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியாச்சு, கூட்டேரிப்பட்டு இன்னும் வரவில்லை. இன்ஜின் இரண்டு முறை விக்கியது. அப்புறம் சத்தமே இல்லை. உருண்ட வேகத்திலேயே மாமா வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"டீசல் தீந்துடுச்சா மாமா?"

"அரை டேங்க் காட்டுதே பாப்பா, நீயே பாரேன்."

பார்த்தேன். முள் நடுவில் கம்பீரமாக நின்றது. மாமா இறங்கிப் போய் டேங்க்கைத் தட்டிப் பார்த்தார். காலிக் குடம் மாதிரி சத்தம் வந்தது.

ராத்திரி நெடுஞ்சாலையில் நின்றுபோன வண்டியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தப் பயம் தெரியும். பின்னால் வரும் ஒவ்வொரு லாரியின் வெளிச்சமும் நம்மை நோக்கியே வருவது போல இருக்கும். மாமா என்னை முதலில் வண்டியிலிருந்து இறக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். நாலு இண்டிகேட்டரையும் போட்டார். சிவப்பு முக்கோண பலகை வண்டியில் இல்லை. ஓரத்து வேம்பிலிருந்து தழையை ஒடித்து, கொஞ்ச தூரம் பின்னால் போய்ச் சாலையில் போட்டுவிட்டு வந்தார். நம் ஊர் டிரைவர்களின் பழைய எச்சரிக்கைப் பலகை அது. (தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். இந்த எண்ணை இப்போதே போனில் சேமித்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஞாபகம் வராது. எனக்கு வரவில்லை.)

சாவியை மாமா ஆன் செய்தே விட்டிருந்தார். டேஷ்போர்டை வெளியிலிருந்து எட்டிப் பார்த்தபோது ஒரு விநோதம். இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிய, அதே தாளத்தில் டீசல் முள்ளும் மேலே கீழே ஆடிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவள் வேறென்ன செய்வாள்? போனை எடுத்து வீடியோ எடுத்துக்கொண்டேன். அந்த 20 விநாடி வீடியோதான் பிறகு மாமாவின் சில ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றியது.

தெரிந்தவர் ஒருவர் பைக்கில் கேனோடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. டீசல் வண்டியில் இன்னொரு தொல்லை உண்டு. டேங்க் வறண்டால் லைனுக்குள் காற்று புகுந்துவிடும். டீசலை ஊற்றிவிட்டு சாவியைத் திருப்பினால் மட்டும் பழைய இன்ஜின் கிளம்பாது. மாமா ஃபில்டர் மேலிருந்த சின்ன நட்டை லேசாகத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடிக்க ஆரம்பித்தார். முதலில் நுரை வந்தது. குமிழி நின்று டீசல் மட்டும் ஒழுகியதும் நட்டை இறுக்கினார். மூன்றாவது செல்ஃபில் வண்டி கிளம்பியது. புது மாடல் காமன் ரெயில் இன்ஜின்களில் விலை உயர்ந்த பம்ப்புக்கு டீசலேதான் எண்ணெய் போலவும் உதவுகிறது. அதை வறள விட்டால் செலவு டீசலோடு நிற்காது.

மறுநாள் காலை வண்டியைக் காட்டிய முதல் இடத்தில், வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "டேங்க் யூனிட்டு, மீட்டரு ரெண்டையும் மாத்திடுங்க. பழைய வண்டி இல்ல?" என்றார்கள். மாமாவுக்கு அது பல நாள் லோடு வாடகை. சரி என்று தலையாட்டப் போனவரை நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். திண்டிவனத்திலேயே இன்னொரு வயரிங் கடை. அங்கிருந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் வீடியோவைக் காட்டினேன். இரண்டாவது முறை ஓடவிட்டுப் பார்த்தவர், மாமாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏண்ணா, ராத்திரியில ஹெட்லைட் போட்டா டீசல் ஏறுதா?"

மாமா யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. ஆமாம், பகலில் கால் டேங்க் காட்டுகிற முள், இருட்டி விளக்கைப் போட்டதும் அரைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ரோடு மேடு பள்ளம், டேங்க்கில் டீசல் அலை அடிக்கிறது என்று இவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். பின்பக்க விளக்குகள் மங்கலாக எரிவதையும் கவனித்திருக்கிறார். அது பல்பு கோளாறு என்று தனிக் கணக்கு.

இரண்டும் ஒரே கோளாறுதான். எப்படி என்று புரிய, டேங்க்குக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

டீசல் மீட்டர் என்பது பெரிய மந்திரம் இல்லை. டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து மாதிரிதான். அது ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். டீசல் குறையக் குறைய மிதவை இறங்கும். கம்பியின் மறு நுனி, மின்தடை உள்ள ஒரு பட்டையின் மேல் நகரும். பழைய ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்புவது போல, தடை கூடும் அல்லது குறையும். அங்கிருந்து ஒரு வயர் டேஷ்போர்டு மீட்டருக்குப் போகிறது. இன்னொரு இணைப்பு வண்டியின் இரும்பு உடம்புக்கு, அதாவது எர்த்துக்கு. மீட்டருக்கு டீசல் தெரியாது. மின்தடை மட்டும்தான் தெரியும். வழியில் எங்கே கூடுதல் தடை புகுந்தாலும் அதையும் சேர்த்து எண்ணி முள்ளை நகர்த்திவிடும்.

மாமாவின் வண்டியில் தடை கூடினால் முள் 'ஃபுல்' பக்கம் போகும். (சில வண்டிகளில் இது நேர் எதிர். அதனால் பக்கத்து வீட்டு வண்டியின் அறிகுறியை உங்கள் வண்டிக்குப் பொருத்தாதீர்கள்.) டேங்க் யூனிட்டும் பின் விளக்குகளும் ஒரே போல்ட்டில் சேஸிஸோடு எர்த் ஆகின்றன. அந்த போல்ட் துருப்பிடித்துவிட்டது. விளக்கு எரியாதபோது கொஞ்சம் பொய். விளக்கைப் போட்டதும் அதன் மின்சாரமும் அந்தத் துருவின் வழியாகவே திரும்பியாக வேண்டும். வழி நெரிசலாகி, மீட்டர் இன்னும் பெரிய பொய் சொல்கிறது. இண்டிகேட்டர் அணைந்து எரியும்போது முள்ளும் கூடவே ஆடியது இதனால்தான். காலி டேங்க்கில், நட்ட நடு ராத்திரியில், அரை டேங்க் காட்டியதும் இதனால்தான். மீட்டர் அதிகம் பொய் சொன்னது, உண்மை அதிகம் தேவைப்படுகிற இருட்டு நேரத்தில்.

போல்ட் ஏன் அப்படித் துருப்பிடித்தது என்று கேட்கவே வேண்டாம். மரக்காணம் உப்பளத்திலிருந்து வருடக்கணக்காக உப்பு ஏற்றுகிற வண்டி. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈர உப்பு இரும்பைச் சும்மா விடாது. தார்ப்பாய் போட்டாலும் மூட்டையிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக நேராக சேஸிஸுக்குத்தான் போகிறது. போதாததற்கு 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, விழுப்புரம் மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்ததே, அப்போது இந்த வண்டியும் தண்ணீரில் நின்றது. இன்ஜினுக்குத் தண்ணீர் போகவில்லை என்று மாமா சந்தோஷப்பட்டார். வயர் கனெக்டர்களுக்குள் போனதை யாரும் யோசிக்கவில்லை. அன்று நனைந்த வண்டி உங்களிடம் இருந்தால் பின்பக்கக் கனெக்டர்களை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். செம்பில் பச்சை பூத்திருக்கலாம்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வீடியோவை மட்டும் நம்பவில்லை, சோதித்தும் பார்த்தார். முதலில், மற்ற மீட்டர்கள் சரியாக இருக்கின்றனவா என்று கவனித்தார். டீசல் முள்ளும் இன்ஜின் சூடு காட்டும் முள்ளும் ஒரே நேரத்தில் கெட்டிருந்தால், டேங்க் பக்கம் போகவே தேவையில்லை. டேஷ்போர்டுக்கு வரும் சப்ளை, ஃபியூஸ், எர்த் என்று முன்பக்கம்தான் தேட வேண்டும். மாமா வண்டியில் சூட்டு முள் ஒழுங்காக இருந்தது.

அடுத்து, டேங்க்கிலிருந்து மீட்டருக்குப் போகும் வயரைக் கனெக்டரில் கழற்றிவிட்டு சாவியை ஆன் செய்தார். முள் 'ஃபுல்'லையும் தாண்டிப் போனது. அதே வயரை சேஸிஸில் சுத்தமான இடத்தில் இரண்டு விநாடி தொட வைத்தார். முள் 'எம்ப்டி'க்கு விழுந்தது. இரண்டு முனைக்கும் முள் ஒழுங்காகப் போய் வந்தால் மீட்டரும் நல்லது, நடுவிலிருக்கும் வயரும் நல்லது. முதல் கடையில் மாற்றச் சொன்ன இரண்டு பொருளில் ஒன்று இந்த இடத்திலேயே பிழைத்துவிட்டது.

கடைசியாக வயரை மறுபடி மாட்டிவிட்டு, தனியாக ஒரு வயர் எடுத்தார். ஒரு முனை டேங்க் யூனிட்டின் உடம்பில், மறு முனை பேட்டரி நெகட்டிவில். முள் மெல்ல இறங்கி, நாங்கள் காலையில் ஊற்றிய டீசலுக்கு ஏற்ற இடத்தில் நின்றது. விளக்கைப் போட்டார், அசையவில்லை. இண்டிகேட்டர் போட்டார், அசையவில்லை. இரண்டாவது பொருளும் பிழைத்தது.

போல்ட்டைக் கழற்றி, சேஸிஸை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, புது லக் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். டேங்க் யூனிட்டுக்கு மட்டும் தனி எர்த் வயர் ஒன்றும் இழுத்தார். பொருள் செலவு நூறு ரூபாய்கூட வரவில்லை. கூலியை அவர் சொன்னதைவிட அதிகமாகவே மாமா கொடுத்தார்.

எல்லா வண்டியிலும் எர்த்தான் குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். எவ்வளவு ஊற்றினாலும் முள் எழுந்திருக்கவே இல்லை என்றால், மிதவையில் ஓட்டை விழுந்து டீசல் புகுந்து மூழ்கியிருக்கலாம். கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே சளசளவென்று கேட்கும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் முள் துள்ளினால், அல்லது செத்துப் பிழைத்தால், அந்த மின்தடைப் பட்டை அங்கே தேய்ந்திருக்கிறது. யூனிட்டை வெளியே எடுத்து, மல்டிமீட்டரில் ஓம் வைத்து, மிதவையைக் கையால் மெதுவாக ஏற்றி இறக்கினால் எண்கள் படிப்படியாக மாற வேண்டும். நடுவில் காணாமல் போனால் யூனிட்டை மாற்றத்தான் வேண்டும். அதில் மிச்சம் பிடிக்க முடியாது.

சில எச்சரிக்கைகள். யூனிட்டை டேங்க்கிலிருந்து எடுப்பதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் இந்த வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம். பெட்ரோல் ஆவிக்குச் சின்னப் பொறி போதும். 'டீசல்தானே' என்று பீடியோடு குனிகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் அதே பதில்தான். முள் இல்லாமல் கட்டம் கட்டமாகக் காட்டும் டிஜிட்டல் மீட்டர் வண்டிகளில் வயரை எர்த்தில் தொட வைக்கும் சோதனையைச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

இந்தக் கதையை அலுவலகத்தில் சொன்னபோது, சீனியர் ஒருவர் 'கிம்லி கிளைடர்' படித்திருக்கிறாயா என்றார். 1983 ஜூலை 23-ல் கனடாவில் பறந்த ஒரு போயிங் 767 விமானம். அதன் எரிபொருள் மீட்டர் வேலை செய்யவில்லை. உள்ளே ஒரு சால்டரிங் சரியாகப் பிடிக்கவில்லை. டேங்க்கில் அளவு பார்த்துக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் கிலோவுக்குப் பதில் பவுண்டு புகுந்துவிட்டது. தேவையானது 22,300 கிலோ; உள்ளே இருந்ததோ அதில் பாதிக்கும் குறைவு. நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றன. விமானிகள் அதைக் காற்றிலேயே மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுதளத்தில் இறக்கினார்கள். யாரும் சாகவில்லை. மாமாவிடம் சொன்னேன். "அவங்களுக்குத் தழை ஒடிச்சிப் போடக்கூட வழியில்லையே" என்றார்.

மீட்டர் சரியாகும்வரை என்ன செய்வது என்று கேட்டால், கிலோமீட்டர் கணக்குதான். அது ஓடுகிற வண்டியாக இருந்தால்! டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். மாமா வண்டி லோடோடு லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுக்கிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய் வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர் என்றால் ஏழரை லிட்டர் கையில் இருக்க வேண்டும். குச்சி விட்டுப் பார்ப்பது எல்லா வண்டிக்கும் சரிவராது. மாமா சவுக்குக் குச்சி ஒன்றை வைத்து முயன்றார். டேங்க் வாயின் குழாய் வளைவில் அது பாதியிலேயே முட்டிக்கொண்டது.

சரியான பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பழைய வண்டியில் ஃபுல்லிலிருந்து பாதிக்கு வர ஓடும் தூரமும், பாதியிலிருந்து எம்ப்டிக்கு வர ஓடும் தூரமும் ஒன்றாக இருக்காது. டேங்க்கின் வடிவம் அப்படி. அதனால் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தை நோட்டில் வரைந்துகொண்டோம். அந்தத் தாளை டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் 1033.

மாமா இன்னும் முழுசாக நம்பவில்லை. தினமும் காலையில் வண்டி எடுப்பதற்கு முன், பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டு, முள் ஏறுகிறதா என்று ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் மரக்காணம் கிளம்புகிறார்.