வீட்டுக்கொரு பட்டறை வேண்டும்



நம்மவர் வீடுகளில் பூசைக்கு ஓர் இடம் உண்டு. தொலைக்காட்சிக்கு ஓர் இடம் உண்டு. பிள்ளைகள் படிப்பதற்கு மேசையும் நாற்காலியும் உண்டு. ஆனால், ஒரு பொருளைக் கையால் பிரித்து, துடைத்து, மீண்டும் பூட்டுவதற்கென்று எத்தனை வீடுகளில் இடம் இருக்கிறது? தாமான் வீட்டின் முன்புறப் போர்ச்சில் ஒரு கார், அதன் இடுக்கில் ஒரு மோட்டார் சைக்கிள், சுவரோரமாகக் காற்றிறங்கிய இரண்டு மிதிவண்டிகள். பெரும்பாலான வீடுகளின் நிலை இதுதான்.

அந்தப் போர்ச்சின் ஒரு மூலையை மோட்டார் சைக்கிளுக்கும் மிதிவண்டிக்குமான சிறு பட்டறையாக மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. இதனைப் பணம் மிச்சப்படுத்தும் வழியாகவோ பொழுதுபோக்காகவோ நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் உயிரோடும் அவர்கள் உழைப்பை மதிக்கும் மனத்தோடும் தொடர்புடைய செய்தி இது.

2022, 2023 ஆகிய ஆண்டுகளில், ஆண்டொன்றுக்கு 6,000-க்கும் மேற்பட்டோர் மலேசியச் சாலைகளில் உயிரிழந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். விபத்துகளுக்குப் பெரும் காரணம் மனிதர்களின் போக்கே; வண்டியின் பழுது ஒரு பங்குதான். எனினும், அந்தப் பங்கு முழுமையாக நம் கையில் இருக்கிறது. தேய்ந்த பிரேக், வழுக்கையான டயர், தொங்கும் சங்கிலி, எரியாத பின்விளக்கு ஆகிய நான்கையும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் நள்ளிரவைக் கடந்த நேரத்தில் மிதிவண்டிகளில் சென்ற 8 சிறுவர்கள் மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது. 'பாசிக்கால் லாஜாக்' என்னும் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளைப் பற்றி நாடே பேசியது அப்போதுதான். கைப்பிடியைத் தாழ்த்துவது, இருக்கையை இறக்குவது, பிரேக்கையே கழற்றி எறிவது என்று அவற்றை மாற்றிக்கொள்கிறார்கள். இதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஸ்பேனர் பிடிக்கும் ஆர்வம் நம் பிள்ளைகளிடம் இல்லாமல் இல்லை. அவர்கள் அருகில் நின்று, "எதைக் கழற்றினாலும் பிரேக்கை மட்டும் கழற்றாதே" என்று சொல்லும் பெரியவர்தாம் இல்லை. நாம் கற்றுக்கொடுக்காவிட்டால் தெருவோரம் கற்றுக்கொடுக்கும்.

இதைச் சொன்னால் பெற்றோர் இருவகையாக மறுக்கிறார்கள்.

"தாமானுக்குத் தாமான் போர்மேன் இருக்கிறார். அவரிடம் கொடுத்தால் முடிந்தது. நமக்கு ஏன் இந்த வேலை?" என்பது முதலாவது. போர்மேனின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால், அவர் நம் வண்டியைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒருமுறை. நாமோ நாள்தோறும் ஏறுகிறோம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகிறோம் என்பதற்காக நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தாய் தேவையில்லை என்று ஆகிவிடுமா?

"என் மகனைப் போர்மேன் ஆக்கப் பார்க்கிறீர்களா?" என்பது இரண்டாவது மறுப்பு. இந்தக் கேள்விதான் என்னை வருத்துகிறது. தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டன்மார் மிதிவண்டிக்குத் தாங்களே பஞ்சர் ஒட்டினார்கள். பேரப்பிள்ளைகளுக்கோ காற்றடிப்பதும் இழிவாகிவிட்டது. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. 'ஏ'க்களை எண்ணும் மனம் மட்டும் ஒழியவில்லை. 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்று பள்ளியில் ஒரு பாடம் இருந்தாலும், அது தேர்வுக்கு வராத பாடம் என்றே வீட்டில் எண்ணப்படுகிறது. மகன் பொறியியலாளர் ஆக வேண்டும். ஆனால் கையில் எண்ணெய்ப்பிசுக்குப் படக்கூடாது. இது எப்படி நடக்கும்?

சரி, பட்டறையை எப்படி அமைப்பது? நான் என் வீட்டில் செய்திருப்பதையும் கற்றவற்றையும் கூறுகிறேன்.

இடம்

நம் சாலைகளில் ஓடும் காப்சாய் வகை வண்டி ஏறத்தாழ 1.9 மீட்டர் நீளமும் 0.7 மீட்டர் அகலமும் கொண்டது. அதனைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து வேலை செய்ய, இரண்டரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம் போதும். காரை வெளியே எடுத்துவிட்டால் எந்தப் போர்ச்சிலும் இந்த இடம் கிடைக்கும். நிலையான பட்டறை வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் விரிந்து நண்பகலில் சுருங்கும் பட்டறையே தாமான் வீட்டுக்கு ஏற்றது.

மழைநீர் வடிய வேண்டும் என்பதால் போர்ச்சின் தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். ஆகையால், நடுத்தாங்கியில் வண்டியை நிறுத்துமுன் சமமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தேவையானால் சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக்கொடுங்கள். தரையில் பளிங்கு ஓடு பதித்திருந்தால் எண்ணெய் ஒரு துளி பட்டாலும் வழுக்கும். தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டுவிடுங்கள்.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் நம் நிழலே வேலையின்மீது விழும். இரு பக்கமும் நான்கடி எல்இடி விளக்கு இருந்தால் நன்று. மின்சாரத்தைத் தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டே இழுக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஈரத் தரையில் நின்று வேலை செய்யும் நமக்கு அதுவே காவல்.

நெருப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். ஓரிரு மீட்டர் தள்ளியிருக்கும் தீப்பொறியும் அதனைப் பற்றவைக்கப் போதும். நம் வீடுகளில் வாசலோரம் சாமி விளக்கும் ஊதுவத்தியும் இருக்கும். எரிபொருள் குழாயையோ கார்புரேட்டரையோ தொடும் நாளில் அவை அணைந்திருக்க வேண்டும். சமையல் எரிவாயுக் கலனையும் அருகில் வைக்காதீர்கள். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் தொங்கட்டும். மழை பெய்கிறது என்று கதவுகளை அடைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கருவிகள்

கடையில் பளபளக்கும் நூறு துண்டுப் பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றில் பாதியை நாம் தொடவே மாட்டோம். ஜப்பானிய வண்டிகளுக்கு 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். இந்த ஆறையும் தரமானவையாக வாங்குங்கள். மலிவான ஸ்பேனர் வாய் விரிந்து, நட்டின் முனைகளை மழுங்கடித்துவிடும்.

திருப்புளியிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜப்பானிய வண்டிகளின் சிலுவைத் தலைத் திருகாணிகள் ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தர அளவில் அமைந்தவை. நாம் வழக்கமாக வாங்கும் பிலிப்ஸ் திருப்புளி அவற்றில் முழுமையாகப் பதியாது. அழுத்தித் திருகினால் தலை சிதைந்துவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்றைத் தேடி வாங்குவது வீண்செலவன்று.

அடுத்து, முறுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பேனர். எஞ்சின் எண்ணெய் வடிக்கும் போல்ட்டை "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கினால் அலுமினிய மரை கழன்றுவிடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் எண்ணாகவே இருக்கிறது. பலம் வேறு, அளவு வேறு என்று பிள்ளைக்கு உணர்த்த இதைவிட நல்ல பாடம் இல்லை.

மிதிவண்டிக்கு 4, 5, 6 மில்லிமீட்டர் அறுகோணச் சாவிகள், 15 மில்லிமீட்டர் பெடல் ஸ்பேனர், டயர் நெம்புகோல் இரண்டு, ஒட்டுப் பொருள்கள், காற்றளவு காட்டும் பம்பு ஆகியவை போதும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நம் நாட்டு ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் இரும்பு விரைவில் துருவேறும். கருவிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து மூடிய பெட்டியில் வையுங்கள். பெட்டியின் உள்ளே ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்துவிட்டால், எது திரும்பி வரவில்லை என்று ஆறு வயதுக் குழந்தையும் சொல்லிவிடும்.

எதைச் செய்வது, எதை விடுவது

வாரம் ஒருமுறை குளிர்ந்த டயரில் காற்றளவு பாருங்கள். சங்கிலியின் கீழ்ப்பகுதியை நடுவில் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சிறிய வண்டிகளில் அது பெரும்பாலும் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை ஆடலாம். சரியான அளவைக் கையேடு சொல்லும். டிரம் பிரேக் உள்ள வண்டியில் பிரேக்கை அழுத்தும்போது தேய்மானம் காட்டும் அம்புக்குறி எல்லைக் கோட்டைத் தொட்டால், பிரேக் கட்டையை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அதன் தூளை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு சங்கிலியைத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். எஞ்சினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றியே துடைக்க வேண்டும்.

எஞ்சினைப் பிளப்பது, ஆரக்கம்பிகளை மாற்றிச் சக்கரம் நேராக்குவது, சட்டத்தில் பற்றவைப்பது ஆகியவற்றைப் போர்மேனிடம் விட்டுவிடுங்கள். புகைக்குழாயை அறுத்து ஓசை கூட்டுவதற்கு நம் பட்டறையில் ஒருபோதும் இடமில்லை. எதை வீட்டில் செய்யக்கூடாது என்று தெளிந்திருப்பதும் தொழிலறிவே.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பயன்படுத்திய மசகெண்ணெய் நம் நாட்டுச் சட்டத்தில் அட்டவணையிட்ட கழிவு. மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். பழைய டயர்களைப் போர்ச்சில் குவித்தால் அவற்றில் தேங்கும் மழைநீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும்.

பிள்ளைகளும் பட்டறையும்

பட்டறைக்குப் பிள்ளைகளை அழையுங்கள். மகன்களை மட்டுமல்ல, மகள்களையும் அழையுங்கள். 16 வயதில் பி2 உரிமம் எடுக்கும்போது, வண்டி எப்படி நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மாணவர்கள் பலருக்கு எந்த மோட்டார் சைக்கிள் எவ்வளவு வேகம் போகும் என்பது மனப்பாடம். அதன் பிரேக்கை எங்கே சரிசெய்வது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. இந்த அமைதிதான் எனக்கு அச்சம் தருகிறது.

கணிதமும் அங்கேயே இருக்கிறது. மிதிவண்டியின் முன்சக்கரப்பல் 44, பின்சக்கரப்பல் 16 என்றால், மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் 2.75 சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால், ஒரு மிதிக்கு வண்டி எவ்வளவு தூரம் போகும்? பலகையில் எழுதினால் கொட்டாவி விடும் பிள்ளை, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, வண்டியை உருட்டி விடை காண்கிறது. ஐந்தே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் என்று அதுவே அளந்து சொல்கிறது.

மொழியும் அங்கே இருக்கிறது. திருகாணி, மரை, நெம்புகோல், அச்சு, ஆரக்கால் ஆகிய சொற்கள் பாடநூலில் மட்டும் இருந்தால் தேர்வு முடிந்ததும் மறைந்துவிடும். கையில் பொருளும் வாயில் சொல்லும் ஒன்றாகச் சேர்ந்தால் வாழ்நாள் முழுதும் நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. இந்த வாரம் ஆறு ஸ்பேனரும் ஒரு காற்றளவு மானியும் வாங்குங்கள். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் நாள், காற்றளவு, பிரேக், சங்கிலி, விளக்கு என்று கட்டம் போடுங்கள். ஞாயிறுதோறும் அதனை நிரப்பிக் கையொப்பமிடும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். அப்பாவின் வண்டியைச் சோதித்துக் கையொப்பமிட்ட பிள்ளை, நாளை தன் வண்டியின் பிரேக்கைக் கழற்றி எறியாது என்று நான் நம்புகிறேன்.