சந்தைத் திடல் யாருக்கு?

வியாழக்கிழமையன்று பொழுது புலருமுன்பே அய்யலூர் விழித்துக் கொள்கிறது. ஆட்டைக் கயிற்றில் பிடித்து வரும் விவசாயி, கூடையில் நாட்டுக்கோழி சுமந்து வரும் தாய்மார், தரகர்கள், வெளியூர்க் கறிக்கடைக்காரர்கள், இத்தனை பேருக்கும் தேநீர் ஆற்றிக் கொடுக்கும் தள்ளுவண்டித் தொழிலாளி எல்லோருக்கும் அந்தத் திடல்தான் சோறு போடுகிறது. தீபாவளியும் பக்ரீதும் நெருங்கினால் கால் வைக்க இடமிருக்காது.

இத்தகைய இடங்களைப் பார்க்கும் போதெல்லாம் சில கனவான்களுக்கு ‘நகரச் சீரமைப்பு’ என்ற எண்ணம் பிறந்துவிடுகிறது. சீரமைப்பு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சந்தைக்குக் கூரையும் குடிநீரும் சாக்கடையும் வேண்டும். விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். ஆனால் கூரை எழும்பிய பிறகு அதன் நிழலில் உட்காரப் போவது யார்? இன்று தரையில் சாக்கு விரித்திருப்பவரா? அல்லது முன்பணம் கட்டி ஏலத்தில் கடை எடுக்க வசதி படைத்தவரா? நமது கேள்வி இதுதான்.

சென்னையைப் பாருங்கள். தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதையில் கடை போட்டவர்களை 2013-ல் அடுக்குமாடி வளாகத்துக்குள் ஏற்றினார்கள். 2019-ல் அதே சாலையில் நடப்போருக்கென்று அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. தாராளமாக நடக்க இடம் கிடைத்தது. நல்லதுதான், நாமும் நடக்கிறோம். ஆனால் வழியில் போகிறவரின் கண்ணில் படுவதுதான் நடைபாதை வியாபாரியின் மூலதனம். அவரை மாடியேற்றினால் அந்த மூலதனம் என்னாகும்? திட்டம் தீட்டியவர்கள் இதற்குக் கணக்குப் போட்டார்களா?

விதி என்கிறார்கள். விதிகள் யாருக்கு வளைகின்றன என்பதையும் பார்த்து விடுவோம். அனுமதியில்லாமலும், அனுமதியை மீறியும் எழுந்த கட்டடங்களுக்காக 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவையே புதிதாகச் சேர்த்தார்கள். பணம் கட்டினால் குற்றம் கரைந்து போகும்! இந்தச் சலுகையைக் கெடு தாண்டி நீட்டிக்கொண்டே போனதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2006-ல் ரத்து செய்தது. உடனே 2007-ல் அவசரச் சட்டம் வந்து அந்தக் கட்டடங்களுக்குக் குடை பிடித்தது. 2012-ல் 113-சி வந்தது. ஆட்சிகள் மாறின, பரிவு மாறவில்லை. இதற்கிடையே 2008-ல் ரங்கநாதன் தெருவில் பெரிய கடையொன்றில் தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் மாண்டார்கள். மாண்டவர்கள் கூலிக்கு உழைத்தவர்கள்.

2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் மனையின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு தளப்பரப்புக் கட்ட அனுமதிக்கின்றன. உயர்மாடிக் கட்டடமென்றால் மூன்றேகால் மடங்கு. சாலை அகலமாக இருந்து, கட்டணமும் செலுத்தினால் அதற்கு மேலும் கட்டலாம். மாடி மேல் மாடி கட்டுகிறவருக்கு அங்குலம் அங்குலமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கீரைக்காரிக்கு ஆறடி தரைக்கு யார் கணக்கு வைப்பது?

வைக்கச் சொல்லிச் சட்டமே இருக்கிறது! நமது தோழர்களில் பலருக்கு அது தெரிந்திருப்பதில்லை. தெரியாமலிருப்பது அதிகாரிகளுக்கு வசதி. சேலம் பக்கத்திலிருந்து வறட்சிக்குத் தப்பி 1961-ல் பம்பாய் போன நிலமற்ற கூலி ஒருவர், 1981-ல் நடைபாதைக் குடிசையை இழந்து நீதிமன்றம் ஏறினார். அவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில்தான், பிழைக்கும் வழி உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 1985-ல் ஒப்புக்கொண்டது. குடிசை மட்டும் தப்பவில்லை. நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதன் பிறகும் நாடெங்கும் தெருவோர வியாபாரிகள் போராடித்தான் 2014-ல் தனிச் சட்டம் பெற்றார்கள்.

அந்தச் சட்டம் பேரூராட்சிகளுக்கும் பொருந்தும். முதலில் வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்க வேண்டும். அது முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை விற்பனைக்கான இடத்திட்டம் தயாரிக்க வேண்டும். 50 ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்குள்ளவர்களை இடம் மாற்றவே கூடாது.

ஆகவே, சீரமைப்பு வரைபடம் மேஜைக்கு வருமுன்னரே வேலையைத் தொடங்க வேண்டும். அய்யலூரிலும் வடமதுரையிலும் வேடசந்தூரிலும் உள்ள தோழர்கள் சந்தை நாளில் நோட்டும் பென்சிலுமாகத் திடலுக்குப் போகட்டும். யார் எங்கே உட்காருகிறார், எத்தனை வருஷமாக உட்காருகிறார், தாய் உட்கார்ந்த இடத்தில் மகள் உட்காருகிறாரா என்று எழுதட்டும். வயதானவர்களின் வாக்குமூலத்தையும் பழைய சுங்கக் குத்தகை ரசீதுகளையும் திரட்டட்டும். அந்தப் பட்டியலோடு செயல் அலுவலரைச் சந்தித்து மூன்று விஷயம் கேட்கட்டும்: விற்பனைக் குழு எப்போது கூடியது? கணக்கெடுப்பு முடிந்ததா? முடிந்திருந்தால் சான்றிதழ் எங்கே?

பதிலை எழுத்தில் வாங்கி வாருங்கள்.