செவிலியர் கல்வியில் மீள்நோக்கு எழுத்து: நேர்மைக்கு இடம் உண்டா?

செவிலிய மாணவர் தாம் ஆற்றிய பணியை மீண்டும் எண்ணிப் பார்த்து, அதிலிருந்து கற்றதைப் பதிவு செய்வதே மீள்நோக்கு எழுத்து. 1988-இல் கிரகாம் கிப்ஸ் வகுத்த சுழற்சி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. நிகழ்வு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம் என்பன அதன் ஆறு படிகள்.

பிரித்தானியாவில் இப்பயிற்சி கல்லூரியோடு முடிவதில்லை. 2016 ஏப்ரல் முதல், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் செவிலியர் ஐந்து மீள்நோக்குக் குறிப்புகளை எழுதி, பதிவுபெற்ற மற்றொருவருடன் அவை குறித்துக் கலந்துரையாட வேண்டும். நோயாளியை அடையாளம் காட்டும் விவரம் அவற்றில் இடம்பெறலாகாது.

எழுதியதே தமக்கு எதிரான சான்றாகுமோ என்னும் அச்சம், குழந்தை ஒன்றின் இறப்பு தொடர்பான மருத்துவர் வழக்கையடுத்து 2018-இல் அங்கு வலுத்தது. அவ்வாண்டு வெளியான வில்லியம்ஸ் ஆய்வறிக்கை, தொழில் ஒழுங்குமுறை அமைப்புகள் இக்குறிப்புகளை விசாரணைக்குக் கோரலாகாது எனப் பரிந்துரைத்தது. நீதிமன்றங்களின் அதிகாரத்தை அது மாற்றவில்லை.

மாணவருக்கு இதே அச்சம் மதிப்பெண் வடிவில் வருகிறது. குறையை ஒப்புக்கொண்டால் மதிப்பெண் குறையும் எனக் கருதுபவர், ஆசிரியர் விரும்புவதையே எழுதுவார். எனவே தவற்றுக்கன்றி, பகுப்பாய்வின் தெளிவுக்கே மதிப்பளித்தல் வேண்டும். இரத்த அழுத்தம் குறைந்ததைப் பதிவு செய்தும் தெரிவிக்கத் தவறிய மாணவர், "இனிக் கவனமாக இருப்பேன்" என்றெழுதுவது போதாது. எந்த அளவில், யாருக்கு, எவ்வாறு தெரிவிப்பார் என்று எழுதுவதே கற்றல். பிழை நேர்ந்தால் முதலில் பொறுப்புச் செவிலியரிடம் அறிவித்தல் கடமை. மீள்நோக்கு எழுத்து அதற்கு மாற்றாகாது.