கருவியும் கல்வேலியும்

நெடுந்தீவின் தொன்மையை ஆராய்வதெனில், கோட்டையையும் குதிரை லாயச் சிதைவுகளையும் வானிலிருந்து படம்பிடித்து முப்பரிமாண உருவமாக்கினாற் போதும் என்னும் எண்ணம் வலுத்து வருகின்றது. இது கருவிக்கேற்ற வினாவைத் தேடுவதேயன்றி ஆராய்ச்சியன்று.

தீவெங்கும், சாந்தின்றி முருகைக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகள் உள்ளன. அவற்றின் நீளத்தை ஆளில்லாச் சிறு விமானம் நொடியில் அளந்துவிடும். எத்தகைய கல்லை அடியில் இடவேண்டும், காணி பிரிந்தபோது வேலி எவ்வாறு இடம் மாறிற்று, சரிந்ததை அடுக்குவது யார் கடன் என்பவற்றை அது அறியுமோ? அறிந்தவர் ஊர் முதியோர். அவர்களும் மறைந்தபின் எஞ்சுவது கற்குவியலின் துல்லியமான படமே.

அயலிலுள்ள நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்றுண்டு. யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்பது அதன் விதி. 1963இல் கா. இந்திரபாலா அதுபற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவ்விதியை வெளிக்கொணர்ந்தது படியெடுத்த தாளன்று. தமிழும் வரலாறும் கற்ற புலமை. இன்று அப்புலமைக்கு மாணவரைப் பயிற்றுவதினும் கருவி வாங்குவது எளிதாகிவிட்டது!

கருவியை வெறுப்பதும் பேதைமையே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த மண்ணில், எண்ணிமப் படியின் அருமையை எவர் மறுப்பார்? ஆயினும், குறிகட்டுவானிற் காலையில் படகேறி மாலையில் மீளும் ஆய்வுக்குழுவினர், வேலி அடுக்கியவர் ஒருவருடனேனும் அமர்ந்து உரையாடுகின்றனரா? திரட்டியவற்றின் ஒரு படியையேனும் நெடுந்தீவுப் பாடசாலைகளுக்கு வழங்குகின்றனரா? ஆய்வேடுகளை மதிப்பிடும் பல்கலைக்கழகங்கள் இவ்விரண்டையும் கேட்டபின்னரே புள்ளி வழங்குதல் வேண்டும்.