எல்லாம் ஒரே கிருமியா?

"நோய் வந்தால் மருந்தடிக்கிறோம்; வைரஸ், பூஞ்சை என்று பிள்ளைகள் பிரித்துப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்கிறார்கள் சிலர். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள பண்ணைப்புரத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் எது?

இந்தப் பள்ளத்தாக்கின் வாழையையே பாருங்கள். குருத்திலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கின்றனவா? அது முடிக்கொத்து நோய். அசுவினி பரப்பும் வைரஸ். பூஞ்சைக்கொல்லி எவ்வளவு அடித்தாலும் வீண். மரத்தைக் கிழங்கோடு அகற்றத்தான் வேண்டும். அடியிலைகள் மஞ்சளாகி ஒடிந்து தொங்க, தண்டை வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள் தெரிகின்றனவா? அது வாடல் நோய். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை. மண்ணில் பல்லாண்டு தங்கும். அதை அடக்க நாம் இடும் டிரைக்கோடெர்மாவும் பூஞ்சையே!

பகை எது, துணை எது என்று தெரியாமல் தெளித்தால் காசும் போகும், மண்ணும் கெடும். பாடத்தைக் குறைக்காதீர்கள், தோட்டத்தில் வைத்து நடத்துங்கள்.