பிள்ளைக்கு ஒரு சட்டை தைப்போம்



அண்மையில் ஒரு முன்பள்ளி வாசலில் இளம் தாய் ஒருவர் என்னிடம் மனம்விட்டுக் கதைத்தார். "மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில சீருடைத் துணி கிடைக்குது மிஸ். சின்னவளுக்குத்தான் ஒண்டுமில்லை. 2022க்குப் பிறகு கடையில சட்டை விலை கேட்கவே பயமாக் கிடக்கு."

பாடசாலைப் பிள்ளைகளுக்கு 1993 முதல் இலவசச் சீருடைத் துணி வழங்கப்பட்டு வருகிறது. பாடசாலைக்குப் போகாத சிறுசுகளுக்கு அம்மாவின் கைதான் கை. ஆகவே இம்மாதம், மெசின் இல்லாமல் கையாலேயே தைக்கக்கூடிய ஒரு சட்டையைப் பற்றி எழுதுகிறேன். அதோடு நான் விட்ட ஒரு பிழையையும் சொல்லத்தான் வேண்டும்.

அது 2012ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து வேலைக்கு வந்த புதிது. செட்டிகுளம் முகாம்களில் இருந்துவிட்டு முல்லைத்தீவுப் பக்கம் மீளக் குடியேறிய தாய்மார் பத்துப் பேருக்குத் தையல் பழக்கும் பொறுப்பு எனக்கு. "பழைய துணி ஏதும் கொண்டு வாங்கோ. வீட்டுக்காரரின் பழைய சாரம் என்றால் நல்லது" என்று முதல் நாளே சொல்லி விட்டிருந்தேன். எத்தனை பேரின் கணவன்மார் வீட்டில் இல்லை என்பது என் கையிலிருந்த கோப்பிலேயே எழுதியிருந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

என் வயதையொத்த ஒரு சகோதரி, ஒரு சாரத்தை மடித்துப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். நாலு வயது மகள் அவர் மடியில் இருந்தாள். நான் சாரத்தை வாங்கிப் பாயில் விரித்து, சோப்புத் துண்டால் கோடும் போட்டு, கத்தரிக்கோலை எடுத்தேன். அவர் தன் கையைத் துணியின் மேல் வைத்துவிட்டார்.

"வெட்டாதேங்கோ மிஸ். அவர் வந்தா மாத்திக் கட்ட வேற இல்லை."

2009 மே மாதத்துக்குப் பிறகு அவருடைய கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஒருவரும் பேசவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை. பக்கத்திலிருந்த ஓர் அம்மம்மாதான் தன் பருத்திச் சேலையை எடுத்து என் முன்னால் போட்டார். "சாரம் கிடக்கட்டும். இதில உள்தலைப்பில ஒரு யார் வெட்டு பிள்ளை. எனக்குக் கொய்யகம் ரெண்டு குறையும், அவ்வளவுதான்."

அன்று தைத்த சட்டை இதுதான். நாலு வயதுப் பிள்ளைக்கான அளவு தருகிறேன்.

சேலையில் உள்தலைப்பு இடுப்பில் செருகி மறைந்திருப்பதால் வெயில் பட்டு மங்குவதில்லை. வெட்டுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் இருந்தால் அதை விலக்குங்கள்.

அளவு நாடா இல்லாவிட்டால் நூலால் அளக்கலாம். தோளிலிருந்து முழங்கால் வரை 20 அங்குலம் என்றால் அதனுடன் 4½ சேர்த்து 24½ அங்குல நீளம். மார்புச் சுற்று 22 அங்குலம் என்றால் அதில் பாதி 11, அதனுடன் 6 சேர்த்து 17 அங்குல அகலம். சேலைக் கரை கீழே வரும்படி இப்படி இரண்டு துண்டுகள் வெட்டுங்கள்.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நீளவாட்டில் இரண்டாக மடியுங்கள். மடிப்பு இல்லாத பக்கத்து மேல் மூலையில், உள்ளே 2 அங்குலமும் கீழே 5 அங்குலமும் குறித்து வளைவாக வெட்டினால் கைவளைவு வந்துவிடும்.

பக்கங்களை அரை அங்குலம் விட்டுப் பின்தையல் போட்டு மூட்டுங்கள். பிள்ளை ஓடி விளையாடும்போது பிரியாது. கைவளைவுக்கு, மிஞ்சிய துணியில் குறுக்குவாட்டாக வெட்டிய பட்டி வைத்து மடித்துத் தைத்தால் சுருங்காது. மேல் விளிம்பை முதலில் அரை அங்குலமும் பின்பு ஓர் அங்குலமும் மடித்துத் தைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு நாடா கோருங்கள். நாடா 30 அங்குலம் இருந்தால் போதும். உருவி வராமல் நடுவில் இரண்டு தையல் போட்டுவிடுங்கள். முடிச்சு தோளில் இருக்கட்டும். கழுத்தைச் சுற்றிக் கட்ட வேண்டாம். தொங்கும் நுனியையும் குட்டையாக வெட்டிவிடுங்கள்.

கடைசி வேலைதான் முக்கியம். கரைக்கு மேலே 3 அங்குலத் துணியை 1½ அங்குல மடிப்பாக மடித்து, பெரிய பெரிய நூலோட்டத்தால் பிடித்துவிடுங்கள். பிள்ளை வளர்ந்ததும் நூலை இழுத்தால் சட்டையும் நீளும்.

அடுத்த வருடம் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனபோது மகள் அதே சட்டையுடன் ஓடி வந்தாள். மடிப்பைப் பிரித்திருந்தார்கள். பிரித்த இடத்தில் மட்டும் சேலையின் பழைய நிறம் மங்காமல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. "வளந்திட்டாள், பாருங்கோ மிஸ்" என்று தாய் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது அந்தப் பிள்ளை சாதாரணதரப் பரீட்சையும் எழுதிவிட்டாள். தாய் போகாத இடமில்லை, கொடுக்காத மனு இல்லை. பதில் இல்லை. சாரம் பெட்டியில் இருக்கிறது.

சகோதரிகளே, உங்களிடமும் அப்படி ஒரு துணி இருக்கலாம். அதை வைத்திருப்பது பிழையென்று யாரும் சொன்னால் கேட்க வேண்டாம். இடைக்கிடை வெயிலில் காயவிட்டு, காய்ந்த வேப்பிலை போட்டு மடித்து வையுங்கள். பிள்ளைக்குச் சட்டை தைக்க வேறு துணி பார்த்துக்கொள்ளலாம். என்னைப் போல் பழக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கத்தரிக்கோலை எடுக்கும் முன், அது யாருடைய துணி என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.